பெயர்களை விழுங்கிய நாரை

அந்தக் காலத்தில், பிராணிகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, செங்கால் நாரைக்குக் கால் சிவப்பில்லை. காய்ந்த நாணல்போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆனால் குரல் இருந்தது. நல்ல கணீர்க் குரல். எந்த ஊர்க் கூரையில் முட்டையை உடைத்து வெளியே வந்ததோ அந்த ஊர்ப் பேச்சைப் பேசும். குளிருக்குக் கடல் தாண்டிப் போய்த் திரும்பினாலும் அந்தப் பேச்சு மாறாது.

வடக்கே மலைநாட்டில் பிரோத் என்று ஓர் ஊர். பிரோத் என்றால் அவர்கள் பேச்சில் ஆற்றுத்துறை. ஆறு ஊரின் நடுவே ஓடியது. இக்கரையில் பாதி வீடுகள், அக்கரையில் மீதி. மாவரைக்கும் ஆலை இங்கே, தேவாலயம் அங்கே. சந்தைத் திடல் இங்கே, இடுகாடு அங்கே. பெயர் வைக்கவும் ஆறு தாண்ட வேண்டும், புதைக்கவும் ஆறு தாண்ட வேண்டும்.

அந்த ஊரை ஆண்டவர்களைச் சொல்லப்போனால் பொழுது போதாது. மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா ஆண்டார். பிறகு கடற்கரை ராஜா. பிறகு ஒரு சுல்தான், வெகு காலம். ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். பிரோத்காரர்கள் அந்தக் கற்களில் துணி துவைத்தார்கள். பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்லாவியப் பேச்சுதான், ஆனால் அந்த ஊருக்கே உரிய ஓர் இழுப்பு அதில் உண்டு. பக்கத்து ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வழக்கத்தில் மட்டும் அவர்கள் அசைந்து கொடுக்கமாட்டார்கள். ஆற்றில் அடிக்கடி மூடுபனி இறங்கும். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தால், அது ஆளின் குரலா, ஆற்றோடு போனவர்களின் குரலா? யாருக்குத் தெரியும்? அதனால் கரையில் நின்று கூப்பிடுகிறவன் முதலில் தன் பெயர், அப்பன் பெயர், பிறந்த வீட்டின் பெயர் மூன்றையும் சொல்லவேண்டும். பிறகுதான் விஷயம். பெயர் சொல்லாத குரலுக்கு யாரும் பதில் தரமாட்டார்கள். பெற்ற தாயின் குரல் மாதிரியே இருந்தாலும் தரமாட்டார்கள்.

பெத்கோ என்று ஒருவன் இருந்தான். அவன் வீடு தீப்பிடித்துக்கொண்டது. கரைக்கு ஓடினான். "நான் பெத்கோ! யோவானின் மகன்! பேரிமரத்து வீடு! வீடு எரிகிறது!" என்று வரிசை தப்பாமல் கத்தினான். அக்கரையிலிருந்து ஆட்கள் வாளியோடு வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது. ஊரே சிரித்தது. ஆனால் அவன் செய்தது தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இக்கரையில் படகு வீடு என்றால் த்ராய்கோவின் வீடு. ஓடக்காரன். அவன் அப்பன் நவுமும் ஓடக்காரன்தான். த்ராய்கோ அதிகம் பேசமாட்டான். இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புக் கம்பளிக் கச்சை. அவன் மனைவி தோனா சாயவேரில் முக்கி நெய்து கொடுத்தது. தோனாவுக்கு நெசவு வரும், சாயம் வராது. படிகாரம் போட மறந்துவிட்டாள். மழையில் நனைந்தால் கச்சையிலிருந்து சிவப்பு ஒழுகி அவன் சட்டை, கால்சராய் எல்லாம் கறையாகும்.

"த்ராய்கோ அண்ணனை யாரோ குத்திவிட்டார்கள், ஓடி வாருங்கள்!" என்று ஆலைக்காரி கலினா ஒவ்வொரு மழைக்கும் சொல்வாள். ஒவ்வொரு மழைக்கும் ஊர் சிரிக்கும். அவன் கச்சையை மாற்றவில்லை.

தோனா முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் அதன் மணிக்கட்டில் நூல் கட்டுவார்கள். பிள்ளைக்கு ஒரு வெள்ளை இழை, தாய்க்கு ஒரு சிவப்பு இழை, இரண்டையும் சேர்த்து முறுக்கி. தாய் தவறிவிட்டால் வெள்ளை மட்டும். த்ராய்கோவின் மகள் நெவேனாவின் கையில் வெள்ளை மட்டும்தான் கட்டினார்கள். அந்த நூலை அவன் கச்சை மடிப்புக்குள் வைத்திருந்தான்.

நெவேனா வளர்ந்தாள். சாயம் போடப் பழகினாள். "படிகாரம் போடடி, நிறம் நிற்கும்" என்றாள் கலினா.

"அம்மா போடவில்லையாம். நானும் போடமாட்டேன்" என்றாள் நெவேனா. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ஓர் இலையுதிர்காலத்தில் அவளை அக்கரையில் மித்ரேயின் மகனுக்குக் கொடுத்தார்கள். தூரம் ஒன்றும் இல்லை. தன் வாசலில் நின்றால் மகள் வீட்டுப் புகை தெரியும். துணி காயப்போட்டால் யார் துணி என்றுகூடத் தெரியும். அவளுக்கு ஐந்து மாதம் என்று செய்தி வந்தபோது த்ராய்கோ வாசலுக்கு வந்து அக்கரைப் புகையைப் பார்த்தான். கச்சை மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்த வசந்தத்தில்தான் எல்லை வந்தது.

இரண்டு ராஜாக்கள் சண்டை போட்டுக் களைத்தார்கள். களைத்தபின் ஒரு படத்தை விரித்து ஆற்றின்மேல் மையால் ஒரு கோடு இழுத்தார்கள். அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே ஊர் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன. அக்கரை ஒரு நாடு, இக்கரை இன்னொரு நாடு.

இக்கரைக்கு ஒரு காவல் தலைவன் வந்தான், ஈட்டி பிடித்த நாற்பது பேரோடு. முதல் நாள் த்ராய்கோவின் படகைக் கரையில் கவிழ்த்து அடிப்பலகையைக் கோடரியால் பிளந்தார்கள். இரண்டாம் நாள் கரை நெடுக ஆள் உயரத்துக்கு நாணல் தட்டி கட்டினார்கள். அதோடு மகள் வீட்டு வாசல் மறைந்தது. புகை மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் ஆலைக் கதவில் ராஜாவின் ஆணையை ஆணியடித்து மாட்டினார்கள். ஆற்றில் கால் வைக்கக்கூடாது. அக்கரைக்குக் குரல் கொடுக்கக்கூடாது. வீட்டுக்கு வெளியே ஊர்ப் பேச்சைப் பேசக்கூடாது, ராஜாவின் மொழியைத்தான் பேசவேண்டும். பேசினால் வாயில் கூழாங்கல். அக்கரைக்குச் சேதி அனுப்பிய வீடு எது என்று தெரிந்தால் அந்த வீடு எரியும், வீட்டு ஆட்கள் ஏழு மலைக்கு அப்பால் உப்புச் சுரங்கத்துக்குப் போவார்கள்.

ஒருத்தி தன் வாத்துகளைக் கூப்பிட்டாள். வாத்துக்கு ராஜாவின் மொழி எங்கே தெரியும்? முஷ்டி அளவு கல்லை வாயில் திணித்து, சாயங்காலம் வரை கிணற்றடியில் நிறுத்தினார்கள். கல்லை எடுத்தபோது இரண்டு பல்லும் கூடவே வந்தன.

அதற்குப் பிறகு பிரோத் வீட்டுக்கு வெளியே வாய் திறக்கவில்லை. சந்தைத் திடலில் கோழிகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

த்ராய்கோவின் கூரையில், புகைபோக்கிக்குப் பக்கத்தில், ஒரு பழைய வண்டிச் சக்கரம் கிடந்தது. அதன்மேல் கூடு கட்டி ஒரு நாரை வருஷா வருஷம் வந்து தங்கும். த்ராய்கோ அதை நெட்டைக்காலா என்பான். அது அவனைக் கிழவா என்னும்.

ஒரு காலையில் அது அலகில் தவளையோடு அக்கரைச் சதுப்பிலிருந்து பறந்து வந்தது. த்ராய்கோ அண்ணாந்து பார்த்தான். வீட்டுக்குள் போனான். புகைபோக்கியின் அடியில் நின்று மேலே பேசினான்.

"நெட்டைக்காலா, உன்னை யாரும் தடுக்கவில்லையா?"

நாரை தவளையை விழுங்கிவிட்டுப் புகைபோக்கிக்குள் தலையை நீட்டியது. "எதற்குத் தடுக்க? நான் கடலையே தாண்டுகிறவன். உன் ஆறு எனக்கு ஒரு வாய்க்கால்."

"மித்ரேயின் வீட்டுப் புகைபோக்கி தெரியுமா?"

"தெரியும். வடக்குப் பக்கம் ஒரு செங்கல் இல்லை."

"அதற்குள் தலையை விட்டு ஒரு சேதி சொல்லவேண்டும்."

"என்ன சேதி?"

"த்ராய்கோ. நவுமின் மகன். படகு வீடு."

"இது சேதியா? இது நீ."

"பெயர் முதலில். பிறகு சேதி. சொல்லு."

நாரை சொல்லிப் பார்த்தது. அலுத்துக்கொண்டது. திரும்பவும் சொல்ல வைத்தான். பெயர், அப்பன் பெயர், வீட்டின் பெயர். ஒன்று தப்பினாலும் மறுபடியும் முதலிலிருந்து. முப்பது தடவைக்குமேல் ஆனபின் அதன் தொண்டைக்கு அது பழக்கமாகிவிட்டது. வண்டிச் சக்கரம் தடத்தில் விழுந்ததுபோல விழுந்துவிட்டது. அதன்பின் பெயர் இல்லாமல் சேதி சொல் என்றாலும் அதனால் முடியாது.

"இன்னொன்று கேட்டுக்கொள் கிழவா" என்றது நாரை. "சேதி தொண்டையில் இருக்கும்வரை எனக்கு வேறு பேச்சு வராது. வாயைத் திறந்தால் அதுதான் முதலில் கொட்டும். வழியில் எவனோடும் என்னைப் பேசவைக்காதே."

"பிடித்துவிட்டால்? உள்ளே தள்ளிவிட முடியாதா?"

"தவளை கீழே போவதும் சொல் மேலே வருவதும் ஒரே தொண்டை. சொல்லைத் தவளைபோல் கீழே தள்ளினால், குரலும் அதன் பின்னாலேயே போய்விடும். திரும்பி வராது. என் அப்பன் சொல்லியிருக்கிறான். எங்களில் யாரும் செய்து பார்த்ததில்லை. செய்கிற முட்டாளும் இல்லை."

நாரை போயிற்று. திரும்பி வந்தது. புகைபோக்கிக்குள் தலையை விட்டதும் நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, கொட்டியது: "நெவேனா. த்ராய்கோவின் மகள். படகு வீடு. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பயப்படாதே. மாமியார் நல்லவள். அப்பா, நீ சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியை ஆற்றில் நனைத்துத் தின்றுகொண்டு திரிகிறாயா?"

த்ராய்கோ அடுப்படியில் உட்கார்ந்துவிட்டான். "அவளேதான்" என்றான்.

இப்படிப்பட்டது மறைந்திருக்குமா? ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கரைக்குப் பெண் கொடுக்காத வீடு இக்கரையில் இல்லை. ஒவ்வொருவராக வந்து த்ராய்கோவின் அடுப்படியில் குனிந்து, பெயரை முதலில் சொல்லி, புகைபோக்கிக்குள் சேதி சொன்னார்கள். நாரை கடுகடுத்தது.

"உன் மாவில் வண்டு விழுந்ததைச் சொல்ல நான் ஆறு தாண்டவேண்டுமா?" என்றது கலினாவிடம்.

"என் அக்காவுக்குத் தெரியவேண்டும். நீ போ" என்றாள் கலினா.

போகும்போது அவள் வாசல்படியில் நின்றாள். சிரிக்கவில்லை. "த்ராய்கோ அண்ணா, ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. பெயரை விட்டுவிடச் சொல்லேன். வெறும் சேதி போதும். நாளைக்கு இந்தப் பறவை அவர்கள் கையில் சிக்கினால் ஊரையே பெயர் பெயராக ஒப்பித்துவிடும்."

"பெயரில்லாத குரலுக்கு என் மகள் காது கொடுக்கமாட்டாள்."

"இப்போது காலம் வேறு, அண்ணா."

"அவளை அப்படித்தான் வளர்த்தேன். காலத்துக்காக மாற்றி வளர்க்க முடியாது. வேலையைப் பார்."

கலினா போய்விட்டாள்.

கோடை வந்தது. கோதுமை முற்றியது. நெவேனாவுக்கு மாதம் நிறைந்தது. த்ராய்கோ தினமும் புகைபோக்கியடியில் நின்றான். "வந்தாயிற்றா?" என்பான். "வந்தால் நானே சொல்கிறேன். உயிரை எடுக்காதே" என்னும் நாரை.

அந்த நேரம் பார்த்து அக்கரையில் ஒரு கிழவர் இறந்தார். அவருடைய தங்கை இக்கரையில் இருந்தாள். சேதி வந்ததும் வழக்கப்படி கோதுமையை அவித்துத் தேன் கலந்து, சாவுச் சோறாக அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். வாய் திறக்கவில்லை. வாசனை திறந்துவிட்டது.

காவல் தலைவன் முட்டாள் இல்லை. தடுப்பதற்கென்றே ஊர்ப் பேச்சைக் கற்றுவைத்திருந்தான். வழக்கங்களையும் கேட்டு வைத்திருந்தான். இக்கரையில் சாவு இல்லை, சாவுச் சோறு மட்டும் எப்படி? மூன்று நாள் தட்டியோரம் உட்கார்ந்து ஆற்றையே பார்த்தான். ஆற்றைத் தாண்டியது காற்று, புகை, ஒரு நாரை.

நான்காம் நாள் காலையில் நாரை அக்கரையிலிருந்து திரும்பியது. அன்று அதன் தொண்டையில் ஒன்பது சேதிகள். ஒன்று நெவேனாவுடையது. இக்கரைப் புல்வெளியில் ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்து இறங்கியது. பேச்சை அடக்கத் தெரிந்ததற்கு வயிற்றை அடக்கத் தெரியவில்லை. வலை விழுந்தது.

கிணற்றடிக் கம்பத்தில் அதன் காலைக் கட்டினார்கள். தண்ணீர் வைக்கவில்லை. நாரை அலகை இறுக்கி மூடிக்கொண்டது. ஒரு நாள் வெயில். இரண்டாம் நாள் வெயில். கழுத்து தொங்கிவிட்டது. அலகு திறக்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் ஊரைக் கிணற்றடிக்குக் கூட்டினார்கள். காவல் தலைவன் ஒரு மரத்தொட்டியில் தண்ணீர் மொண்டு நாரையின் முன்னால் வைத்தான்.

"குடிக்கவேண்டும் என்றால் அலகைத் திறந்தாக வேண்டும்" என்றான், பிரோத்தின் பேச்சிலேயே. அந்தப் பேச்சை வெட்டவெளியில் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "திறந்தால் பேசும். பேசினால் பெயர் முதலில் வரும். நீங்கள் மரியாதை தெரிந்தவர்கள் ஆயிற்றே. அக்கரைக்குப் போன பெண்களுக்கு அப்பன் பெயரும் பிறந்த வீடும் இந்தப் பக்கம்தானே? எந்த வீட்டின் பெயர் வருகிறதோ அந்த வீட்டுக்குத் தீ. அவ்வளவுதான்."

கலினா த்ராய்கோவைப் பார்த்தாள். சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"இது யார் கூரைப் பறவை?"

த்ராய்கோ முன்னால் வந்தான்.

காவல் தலைவன் அவன் காதருகே குனிந்தான். குரலைத் தாழ்த்தினான். "உன் மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. தெரியும். முதல் பிரசவம். உன் மனைவி கதையும் தெரியும். மகள் இருக்கிறாளா, போய்விட்டாளா? அந்தச் சேதி இதோ, இந்தத் தொண்டையில், உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குடி என்று ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னால் குடிக்கும்."

த்ராய்கோ நாரையைப் பார்த்தான். அவன் மகளின் சேதி அதற்குத் தெரியும். பறவையின் கண்ணில் என்ன எழுதியிருக்கும்? தேடிப் பார்த்தான். நல்லதா கெட்டதா என்று அதில் தெரியவில்லை. தாகம் மட்டும் தெரிந்தது.

தன் ஒரு வீடு என்றால் கொடுத்திருப்பான். வைக்கோல் கூரை, பிளந்த படகு, அதில் என்ன இருக்கிறது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று காதால் கேட்டுவிட்டு உப்புச் சுரங்கத்துக்கு நடந்தே போயிருப்பான். ஆனால் ஒன்பது சேதிகள். ஒன்பது பெயர்கள். ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் சொல்லப் பழக்கியவன் அவன். முப்பது தடவை. தன் அடுப்படியில் நின்று.

நாரையின் அலகு தண்ணீரை நோக்கி இறங்கியது. இனி அதனால் தாங்கமுடியாது.

த்ராய்கோ வாயைத் திறந்தான். வெட்டவெளியில், ஊர்ப் பேச்சில், ஒரே ஒரு சொல்.

"விழுங்கு."

நாரையின் தலை நின்றது. அவனைப் பார்த்தது. உனக்குத் தெரியவேண்டாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தது.

"எல்லாவற்றையும்" என்றான்.

காவல் தலைவன் அதன் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தான். அதற்குள் நாரை தலையைப் பின்னால் சாய்த்துவிட்டது. வானத்தைப் பார்த்து, உச்சந்தலை முதுகில் படும்படி முழுக்கச் சாய்த்தது. தொண்டை ஒரு முறை அசைந்தது. அலகு டக் என்று மூடியது. ஒரு பெயர் போயிற்று. மறுபடி தொண்டை அசைந்தது. டக். இன்னொன்று. ஒன்பது முறை. கூட்டத்தில் நின்றவர்கள் எண்ணினார்கள். எது தங்கள் பெயர் என்று யாருக்கும் தெரியாது. எது நெவேனாவின் பெயர் என்று த்ராய்கோவுக்கும் தெரியாது. கடைசிப் பெயரின் பின்னால் குரலும் இறங்கியது. அது தொண்டையில் ஒரு மேடாகத் தெரிந்து, கீழே போய், மறைந்தது.

பிறகு நாரை தொட்டியில் அலகை விட்டுக் குடித்தது.

"பேசு!" என்று காவல் தலைவன் உலுக்கினான். நாரை அலகைத் திறந்தது. ட-ட-ட-ட என்று பலகை தட்டும் ஓசை. திரும்பவும் உலுக்கினான். திரும்பவும் அதே ஓசை. தட்டும் ஓசையைக் கேட்டு எந்த வீட்டுக்குத் தீ வைப்பது? ஈட்டிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். காவல் தலைவன் கயிற்றை அறுத்துப் பறவையைக் காலால் எற்றினான். அது தத்தி எழுந்து பறந்தது. கூட்டுக்குப் போகவில்லை. தெற்கே போனது, மற்ற நாரைகள் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே.

வெளியில் ஊர்ப் பேச்சு பேசியதற்காக த்ராய்கோவின் வாயில் கல்லைத் திணித்தார்கள். பேசியது இரண்டு சொல் என்பதால் இரண்டு நாள். அவன் கம்பத்தில் சாய்ந்து அக்கரைப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றான். புகை வந்தது. அடுப்பை மூட்டியது மகளா, சம்பந்தியம்மாளா? புகை சொல்லாது.

இலை உதிர்ந்தது. பனி விழுந்தது. ஆறு உறைந்தது. ஊரில் யாருக்கும் அக்கரைச் சேதி இல்லை. கலினா ஒரு நாள் மாவு கொண்டுவந்து வைத்தாள்.

"தப்பு என்னுடையது" என்றான் த்ராய்கோ, தரையைப் பார்த்து.

"ஆமாம்" என்றாள் கலினா. "மாவு நல்லது. வண்டு இல்லை. சலிக்கவேண்டாம்." போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மகளை ஒரு நாள் உயிரோடு நினைத்தான், ஒரு நாள் புதைத்தான். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றான். கச்சை மடிப்பில் இருந்த வெள்ளை நூலை எடுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

பனி உருகி, முதல் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கூரையில் ட-ட-ட-ட என்று கேட்டது.

த்ராய்கோ ஏணியைச் சார்த்தி ஏறினான். நாரை சக்கரத்தின்மேல் நின்றது. இளைத்திருந்தது. அவனைக் கண்டதும் தலையை முதுகு வரை சாய்த்து அலகைத் தட்டியது. கிழவா என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது.

"வந்தாயா, நெட்டைக்காலா" என்றான். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவனுக்கு வராது.

நாரை ஒரு காலைத் தூக்கி அவன் பக்கம் நீட்டியது.

அந்தச் சாம்பல் காலில் ஒரு நூல் கட்டியிருந்தது. மழையில் ஊறிப்போன நூல். வெள்ளை இழை ஒன்று. அதோடு சேர்த்து முறுக்கி, சிவப்பு இழை ஒன்று.

த்ராய்கோ ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான். பிள்ளைக்கு வெள்ளை. தாய்க்குச் சிவப்பு. ஆனால் யாருடைய பிள்ளை, யாருடைய தாய்? பெயர் இல்லை. அப்பன் பெயர் இல்லை. வீடு இல்லை. அக்கரையில் எத்தனையோ வீடுகள், எத்தனையோ பிரசவங்கள். பெயரில்லாத சேதிக்கு பிரோத்தில் யாரும் பதில் தந்ததில்லை. அவன் தந்ததே இல்லை.

அப்போது பார்த்தான். சிவப்பு இழையிலிருந்து நிறம் ஒழுகிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து, முட்டியிலிருந்து நகம் வரை, நாரையின் கால் முழுக்கச் சிவந்திருந்தது. படிகாரம் போடாத சாயம். அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் சாயம் நிற்காத சிவப்பு ஒரே ஒரு வீட்டுச் சிவப்பு. அதைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இறந்து இருபது வருஷம் ஆகிறது.

"அவளேதான்" என்றான் த்ராய்கோ.

வெகு நேரம் மழையில் ஏணிமேல் நின்றான். முகத்தில் வழிந்தது மழையா இல்லையா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. பிறகு கச்சை மடிப்பிலிருந்து அந்தப் பழைய வெள்ளை நூலை எடுத்தான், இருபது வருஷமாகத் தனியாக இருந்த நூலை. கச்சையின் ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவினான். இரண்டையும் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி முறுக்கினான். நாரையின் மறுகாலில் கட்டினான். பெயர் சொல்லவில்லை.

"போ" என்றான்.

நாரை நாணல் தட்டிக்கு மேலே, ஈட்டிக்காரர்களின் தலைக்கு மேலே, இரண்டு காலும் சிவப்பு சொட்டச் சொட்ட ஆற்றைத் தாண்டிப் போயிற்று. ஈட்டிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஊமைப் பறவை. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் கலினா அக்கரையில் இருக்கும் அக்காவை நினைத்துத் தன் கையில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டைப் பார்த்தபடி நின்றாள். அதற்கடுத்த வருஷம் ஊரே கட்டிக்கொண்டது. படிகாரம் யாரும் போடவில்லை. காவல் தலைவன் போனான், அவன் ராஜாவும் போனார், தட்டி மக்கியது. எல்லைக் கோடு மட்டும் பிறகும் இரண்டு முறை இடம் மாறியது. பிரோத்தில் இரண்டு கரையிலும் இன்றைக்கும் அதே பேச்சு, அதே இழுப்பு. பனி நீங்கும் மாதத்தில் நூலைக் கட்டிக்கொள்வார்கள். முதல் நாரை கண்ணில் பட்டதும் அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு, கூட்டின் அடியில் போய் நின்று, தன் பெயர், அப்பன் பெயர், பிறந்த வீட்டின் பெயர் மூன்றையும் வெட்டவெளியில் சத்தமாகச் சொல்வார்கள். நாரை கேட்டுக்கொள்ளும். தட்டும். திருப்பிச் சொல்லாது.

அன்று முதல்தான் நாரைக்குக் கால் செங்கால் ஆனது. அன்று முதல்தான் அது வாய் திறந்தால் குரல் வருவதில்லை. தலையை முதுகில் சாய்த்து, வானத்தைப் பார்த்து, அந்த ஒன்பது பெயர்களையும் இன்னும் ஒருமுறை விழுங்கிக்கொள்கிறது.